பிசையாத ரொட்டியின் கதை



ஆங்கிலத்தில் 'லேடி' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதற்கு ஆதியில் என்ன பொருள் தெரியுமா? 'ரொட்டி மாவு பிசைகிறவள்' என்பதுதான்! பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லாஃப்' என்றால் ரொட்டி. இன்றைய 'லோஃப்' அதிலிருந்து வந்தது. ரொட்டி பிசைகிறவள் 'ஹ்லேஃப்டியே'. அது தேய்ந்து தேய்ந்து 'லேடி' ஆனது. ரொட்டியைக் காவல் காப்பவன் 'ஹ்லாஃப்வேர்ட்'. அது தேய்ந்து 'லார்ட்' ஆனது. ஆக, காவல் காப்பது ஐயா, மாவு பிசைவது அம்மா. வேலைப் பங்கீடு அப்போதே முடிந்துவிட்டது :-)

இந்தக் கட்டுரை முழுக்க நான் ரொட்டி என்று சொல்வது நம் பேக்கரியில் வாங்கும் பிரெட்டைத்தான். சப்பாத்தியை அல்ல. (இலங்கைத் தமிழர்கள் இதைப் 'பாண்' என்பார்கள். போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொல் அது.) இதைச் செய்வதில் மிகக் கடினமான வேலை பிசைவது. அந்த வேலையை யார் தலையில் கட்டுவது என்பதுதான் ரொட்டியின் வரலாற்றில் பாதி. பிசையவே வேண்டாம் என்று ஒருவர் சொன்னதும் உலகமே திரும்பிப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். கடைசியில் டோஸ்ட் போடுவதற்கு ஏற்ற ஒரு ரொட்டியின் செய்முறையும் உண்டு. அதனால் பாதியில் ஓடிவிடாதீர்கள்!

ஏன் பிசைய வேண்டும்?

முதலில் கொஞ்சம் அறிவியல். இத்தாலியின் போலோனா நகரில் பெக்காரி என்ற அறிஞர் இருந்தார். கோதுமை மாவை உருண்டையாக்கித் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தால் என்ன மிஞ்சும் என்று இவர் ஆராய்ந்தார். வெள்ளையாக மாவுச்சத்து கரைந்து போய்விடும். கடைசியில் ரப்பர் போல இழுபடும் ஒரு பொருள் கையில் நிற்கும். 1728ல் இதைப் பற்றிப் பேசினார். 1745ல் அது அச்சில் வந்தது. அந்தப் பொருளைத்தான் இன்று குளூட்டன் என்கிறோம். லத்தீனில் அதற்குப் பொருள் 'பசை'. நீங்களும் ஒரு கைப்பிடி மைதாவைப் பிசைந்து குழாயடியில் கழுவிப் பார்க்கலாம், சுயிங்கம் மாதிரி ஒன்று மிஞ்சும்.

மாவில் குளூட்டெனின், கிளையாடின் என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் இவை ஒன்றோடொன்று கைகோத்து வலை பின்னும். ஈஸ்ட் என்பது உயிருள்ள நுண்ணுயிரி. அது மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளிவிடும். அந்த வாயுவை வெளியே போகவிடாமல் பிடித்து வைப்பது இந்த வலைதான். வலை பலமாக இருந்தால் ரொட்டி உப்பும். பலவீனமாக இருந்தால் செங்கல்தான்!

பிசையும்போது நாம் செய்வது இந்த வலையை இழுத்து, மடித்து, ஒழுங்குபடுத்துவது. கையால் செய்தால் பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். வீட்டுக்கு ஒரு ரொட்டி என்றால் பரவாயில்லை. ஊருக்கே ரொட்டி என்றால்?

பிசைந்தது யார்?

ரோமாபுரியில் போர்ட்டா மஜ்ஜோரே என்ற பழைய கோட்டை வாயிலுக்குப் பக்கத்தில் ஒரு வினோதமான கல்லறை இன்றும் நிற்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியில் வாழ்ந்த யூரிசாசெஸ் என்ற ரொட்டிக்காரரின் கல்லறை அது. ராஜாவும் இல்லை, தளபதியும் இல்லை, ஒரு பேக்கரி முதலாளி! கல்லறையின் மேல்பகுதியில் மாவு அரைப்பது முதல் ரொட்டியை எடை போடுவது வரை எல்லாவற்றையும் வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு காட்சியில் ஒரு விலங்கு சுற்றிச் சுற்றி வருகிறது, அது சுற்றச் சுற்ற தொட்டிக்குள் மாவு பிசைபடுகிறது. நம் ஊர் செக்கு மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். பாம்பெய் நகர இடிபாடுகளிலும் இப்படிப்பட்ட கல் தொட்டிகள் கிடைத்திருக்கின்றன. ஆக, பிசைவதை அடுத்தவர் தலையில் கட்டும் முயற்சி இரண்டாயிரம் வருடப் பழசு.

ரோமப் பேரரசு போன பிறகு வேலை மறுபடி மனிதனின் கைக்கே வந்தது. அதுவும் இரவு வேலையாக. காலையில் சாப்பாட்டு மேசையில் சூடான ரொட்டி வேண்டும் என்றால் யாரோ ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டும் அல்லவா? 1862ல் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்காக ட்ரெமென்ஹீர் என்பவர் லண்டன் பேக்கரித் தொழிலாளர்களின் குறைகளை விசாரித்து ஓர் அறிக்கை கொடுத்தார். படித்தால் வயிற்றைப் பிசையும் அறிக்கை. வேலை இரவு 11 மணி வாக்கில் தொடங்கும். மாவைப் பிசைந்து முடித்ததும், அது உப்பும் வரை, பிசைந்த பலகை மேலேயே ஒரு மாவுச் சாக்கை விரித்து, இன்னொரு சாக்கைத் தலையணையாகச் சுருட்டி வைத்து இரண்டு மணி நேரம் படுப்பார்கள். பிறகு எழுந்து மறுநாள் பகல் வரை வேலை. பல பேக்கரிகள் தரைக்குக் கீழே, காற்றே இல்லாத அறைகளில் இருந்தன. தொழிலாளியின் வியர்வை மாவில் விழுவது அன்றைய ஊரறிந்த ரகசியம். கார்ல் மார்க்ஸ் 1867ல் வந்த 'மூலதனம்' நூலில் இந்த அறிக்கையை விரிவாகப் பயன்படுத்தியிருக்கிறார். 1863ல் ஒரு சட்டம் வந்தது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை பேக்கரியில் வேலை வாங்கக் கூடாது என்றது. பெரியவர்களின் தூக்கத்தைப் பற்றி அந்தச் சட்டத்துக்குக் கவலை இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். பேக்கரித் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம், அதற்கு மேல் வேலை கிடையாது என்று நியூயார்க் மாநிலம் 1895ல் ஒரு சட்டம் போட்டது. இதை மீறியதாகத் தண்டிக்கப்பட்ட லாக்னர் என்ற பேக்கரி முதலாளி மேல்முறையீடு செய்தார். 1905ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. முதலாளியும் தொழிலாளியும் விரும்பியபடி ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரத்தில் அரசு தலையிடுகிறது என்பது தீர்ப்பின் சாரம். சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் 'லாக்னர் வழக்கு' என்று படிப்பது இதைத்தான். ஒரு துண்டு ரொட்டிக்குப் பின்னால் எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்!

இயந்திரம் வந்தது, ருசி போனது

இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சிக்கலுக்கு இயந்திரம் பதில் சொன்னது. மின்சார மோட்டார் பிசைந்தது. பிறகு ஒவ்வொன்றாக மாறியது. 1928ல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் சில்லிகாத்தி என்ற சிறிய ஊரில், ஓட்டோ ரோவெடர் என்பவர் கண்டுபிடித்த இயந்திரத்தால் வெட்டிய ரொட்டி முதல்முறையாகக் கடைக்கு வந்தது. அதற்குச் சற்று முன்புதான், வெந்ததும் ரொட்டி தானாக மேலே எழும்பும் டோஸ்டருக்கு சார்லஸ் ஸ்ட்ரைட் 1921ல் காப்புரிமை பெற்றிருந்தார். 1926ல் வீட்டு டோஸ்டர் கடைக்கு வந்தது. ஒரே கனத்தில் வெட்டிய துண்டு, அதற்கேற்ற டோஸ்டர். இரண்டும் சேர்ந்ததும் காலை உணவே மாறிவிட்டது. மக்கள் இதற்கு எவ்வளவு பழகிவிட்டார்கள் என்றால், இரண்டாம் உலகப் போரின்போது 1943 ஜனவரி 18 அன்று அமெரிக்க அரசு வெட்டிய ரொட்டிக்குத் தடை போட்டது. எதிர்ப்பு தாங்காமல் மார்ச் 8 அன்று தடையை எடுத்துவிட்டது!

உச்சக்கட்டம் 1961ல் வந்தது. இங்கிலாந்தில் சார்லிவுட் என்ற ஊரில் இருந்த ரொட்டித் தொழில் ஆராய்ச்சி நிலையம் ஒரு புது முறையைக் கண்டுபிடித்தது. மாவை அதிவேக இயந்திரத்தில் போட்டுச் சில நிமிடம் அடித்தால் போதும். கூடுதல் ஈஸ்ட், கொஞ்சம் கெட்டிக் கொழுப்பு, வைட்டமின் சி. மணிக்கணக்கில் மாவு உப்பக் காத்திருக்கத் தேவையில்லை. புரதம் குறைந்த உள்நாட்டு கோதுமையிலும் பஞ்சு போன்ற ரொட்டி வந்தது. விலை குறைந்தது. பிரிட்டனில் விற்கும் ரொட்டியில் பெரும்பகுதி இந்த முறைக்கு மாறியது.

ஆனால் ருசி? ரொட்டியின் மணமும் சுவையும் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும்போது உண்டாகின்றன. நேரத்தை வெட்டினால் ருசியும் வெட்டுப்படும். பிரான்சில் ரேமோன் கால்வெல் என்ற ரொட்டிப் பேராசிரியர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அளவுக்கு மீறி இயந்திரத்தில் அடித்தால் காற்றுப் பட்டு மாவின் இயற்கையான இளமஞ்சள் நிறம் வெளுக்கிறது, கூடவே சுவையும் போகிறது என்றார். 1974ல் அவர் ஒரு எளிய வழி சொன்னார். மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து அரை மணி நேரம் சும்மா விடுங்கள், பிசையும் நேரம் பெருமளவு குறையும் என்று. இதற்கு 'ஆட்டோலிஸ்' என்று பெயர். 'சும்மா விடுதல்' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் திறவுகோல் இதுதான்.

பிசைய மறந்த பெண்மணி

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். போர்க்கால பிரிட்டன். கோதுமைக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்தன. கோதுமையை வீணாக்கக் கூடாது என்று 1942ல் அரசு, தவிட்டை முழுவதும் நீக்காமல் அரைத்த மாவில் செய்த 'தேசிய ரொட்டி'யைக் கொண்டுவந்தது. பழுப்பும் சாம்பலுமாக ஒரு நிறம். மக்களுக்குப் பிடிக்கவே இல்லை.

அந்தக் காலத்தில் டோரிஸ் கிராண்ட் என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணி வீட்டிலேயே முழுக்கோதுமை ரொட்டி செய்யத் தானாகக் கற்றுக்கொண்டார். பல மாதம் செய்து சாப்பிட்ட பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. எல்லோரும் பிசைகிறார்கள், இவர் பிசையவே இல்லை! ஆனால் ரொட்டி நன்றாகத்தானே வருகிறது? அப்புறம் எதற்குப் பிசைய வேண்டும் என்று அப்படியே தொடர்ந்தார். 1944ல் ஒரு புத்தகமும் எழுதினார். 'கிராண்ட் லோஃப்' என்று அந்த ரொட்டிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ரகசியம் இரண்டு. மாவில் தண்ணீர் அதிகம், அதனால் புரதங்கள் எளிதாக நகர்ந்து கைகோத்துக்கொள்ளும். அடுத்தது, முழுக்கோதுமையில் உள்ள தவிடு எப்படியும் வலையை அறுத்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு பிசைந்தாலும் பெரிய லாபம் இல்லை.

அட்லாண்டிக்கின் மறுகரையிலும் இதே யோசனை ஓடியது. அமெரிக்க மாவு நிறுவனமான பில்ஸ்பரி 1949ல் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் தன் முதல் பெரும் சமையல் போட்டியை நடத்தியது. 50,000 டாலர் முதல் பரிசு வாங்கியது எது தெரியுமா? தியோடோரா ஸ்மாஃபீல்ட் என்ற குடும்பத்தலைவி செய்த, பிசையாத மாவில் முறுக்கிய இனிப்பு ரொட்டி! மாவைத் துணியில் கட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு உப்ப வைத்தார் அவர். பிசையாமல் ரொட்டி செய்யலாம் என்பது பெண்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. பெரிய பேக்கரிக்காரர்கள்தான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

நியூயார்க், 2006

ஜிம் லேஹி சிற்பக்கலை பயின்றவர். இத்தாலிக்குப் போய் ரொட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்து, 1994ல் நியூயார்க்கில் 'சல்லிவன் ஸ்ட்ரீட் பேக்கரி'யைத் தொடங்கினார். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் சமையல் பத்தி எழுதிவந்த மார்க் பிட்மனைக் கூப்பிட்டுத் தன் முறையைச் செய்து காட்டினார். 2006 நவம்பர் 8 அன்று அந்தக் கட்டுரை வெளிவந்தது.

முறை இதுதான். மூன்று கப் மாவு, கால் டீஸ்பூன் ஈஸ்ட், உப்பு, நிறையத் தண்ணீர். ஒரு நிமிடம் கலந்து மூடி வைத்துவிட்டு 12 முதல் 18 மணி நேரம் மறந்துவிட வேண்டும். பிறகு மடித்து உருட்டி, இன்னும் இரண்டு மணி நேரம் விட்டு, நன்றாகச் சூடேற்றிய கனமான இரும்புச் சட்டியில் போட்டு மூடி, ஓவனில் வைக்க வேண்டும். மாவிலிருந்து வரும் நீராவி சட்டிக்குள்ளேயே அடைபடுவதால் மேலே மொறுமொறுப்பான பொருக்கு வரும். இதற்காகப் பேக்கரிகளில் நீராவி பாய்ச்சும் விலை உயர்ந்த அடுப்பு வைத்திருப்பார்கள். லேஹிக்கு ஒரு மூடி போதுமாக இருந்தது!

அந்தச் செய்முறை இணையத்தில் காட்டுத்தீயாகப் பரவியது. ஆளாளுக்குச் செய்து படம் எடுத்துப் போட்டார்கள். 2007ல் ஹெர்ட்ஸ்பெர்க், ஃபிரான்சுவா இருவரும் 'ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம்' என்ற ரீதியில் புத்தகம் போட்டார்கள். மாவை மொத்தமாகக் கலந்து ஃபிரிட்ஜில் வைத்துத் தேவைப்படும்போது வெட்டி எடுப்பது அவர்கள் வழி. 2020ல் கொரோனா ஊரடங்கின்போது பல நாடுகளில் கடைகளில் ஈஸ்ட் தீர்ந்துபோனது. அப்போது கால் டீஸ்பூன் ஈஸ்ட் போதும் என்ற இந்த முறைக்கு மறுபடியும் மவுசு வந்தது.

சும்மா இருந்தால் எப்படி வலை பின்னும்?

மாவு உண்மையில் சும்மா இருப்பதில்லை. தண்ணீர் அதிகம் இருப்பதால் புரதங்கள் தாராளமாக நகர்கின்றன. மாவிலேயே இருக்கும் என்சைம்கள் சிக்கலான இழைகளை ஆங்காங்கே வெட்டி விடுவதால் அவை எளிதில் நீண்டு ஒன்றோடொன்று சேர்கின்றன. ஈஸ்ட் விடும் ஒவ்வொரு வாயுக்குமிழும் விரியும்போது பக்கத்து மாவை நூலிழை அளவுக்கு இழுக்கிறது. லட்சக்கணக்கான குமிழ்கள் மணிக்கணக்கில் இழுத்தால் அதுவும் பிசைவதுதானே? நம் புரோட்டா மாஸ்டரைக் கேட்டால் இதில் பாதியை அவரே சொல்லுவார். உருட்டிய மாவை எண்ணெயில் ஊறவிடாமல் வீசினால் கிழிந்துவிடும். ஊறினால் பேப்பர் மாதிரி விரியும். நம் வீடுகளில் இட்லி மாவைக் கரைத்து இரவு முழுக்க விட்டு வைப்பதும் இதே பொறுமைதான். (அங்கே குளூட்டன் இல்லை, அது வேறு கதை.)

டோஸ்டுக்கு ஒரு ரொட்டி

டோஸ்ட் என்பதே பழைய ரொட்டிக்கு உயிர் கொடுக்கும் வித்தை. ரொட்டி காய்வதால்தான் விறைப்பாகிறது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஈரம் போகாமல் மூடி வைத்தாலும் அது விறைக்கும், மறுபடி சூடாக்கினால் மெதுவாகும் என்று 1852ல் பிரெஞ்சு வேதியியலாளர் பூசங்கோ காட்டினார். மாவுச்சத்து மறுபடி இறுகுவதுதான் காரணம். சூடு பட்டால் அது இளகுகிறது. மேலே பொன்னிறமும் வாசனையும் வருவது 1912ல் மயார் விளக்கிய வேதிவினையால்.

பிசையாத ரொட்டி டோஸ்டுக்கு ஏன் பொருத்தம் என்றால், அதில் சின்னதும் பெரியதுமாக ஓட்டைகள் இருக்கும். ஓட்டையின் விளிம்பு முறுகும், குழிக்குள் வெண்ணெய் இறங்கும். இங்கிலாந்திலிருந்து நியூயார்க்குக்குக் குடியேறி 1880ல் பேக்கரி தொடங்கிய சாமுவேல் பாத் தாமஸ், 'இங்கிலிஷ் மஃபின்' விற்றுப் பெயர் வாங்கியதும் இந்தக் குழிகளால்தான்.

செய்முறை: மைதா 400 கிராம், உப்பு ஒன்றேகால் டீஸ்பூன், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் கால் டீஸ்பூன், தண்ணீர் 280 மில்லி. மாவு ஒட்டும் பதத்தில் இருக்க வேண்டும், வறண்டு இருந்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர். கரண்டியால் ஒரு நிமிடம் கலந்து மூடி வையுங்கள். குளிர்நாட்டில் 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நம் ஊர் வெயிலுக்கு இரவு பத்து மணிக்கு வைத்தால் காலை ஆறு மணிக்குக் குமிழ் குமிழாக நிற்கும். எண்ணெய் தடவி ரவை தூவிய ரொட்டி டின்னில் சரித்து, மறுபடி நன்றாக உப்பும் வரை, சுமார் ஒரு மணி நேரம் விடுங்கள். 220 டிகிரி ஓவனில் முதல் 20 நிமிடம் அலுமினியத் தாளால் மூடியும், அடுத்த 20 நிமிடம் திறந்தும் வேகவிடுங்கள். சூடாக வெட்டாதீர்கள், பிசுபிசுவென்று இருக்கும். மறுநாள் கனமாக வெட்டி டோஸ்ட் போட்டால் அருமை.

கடைசியாக ஒன்று

பிசையாத ரொட்டியைச் சோம்பேறிகளின் குறுக்குவழி என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரொட்டிக்கு உழைப்பு வேண்டும், அல்லது நேரம் வேண்டும். கடைக்காரருக்கு நேரம் என்றால் பணம். அதனால் அவர் முதலில் தொழிலாளியின் தூக்கத்தை எடுத்துக்கொண்டார். பிறகு அதிவேக இயந்திரத்தை வைத்து ருசியை விட்டுக்கொடுத்தார். தொழிலாளியின் முதுகு தப்பியது என்பதால் அந்த இயந்திரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் இருக்கும் நமக்கு இரவு இலவசம். 1862ல் ஒரு தொழிலாளி மாவுச் சாக்கின் மேல் இரண்டு மணி நேரம் மட்டும் கண்ணயர்ந்தான். இன்று மாவு வேலை பார்க்கிறது, மனிதன் தூங்குகிறான். இது முன்னேற்றம் இல்லை என்றால் வேறு எது முன்னேற்றம்?

செய்து பார்த்தவர்கள் எப்படி வந்தது என்று சொல்லுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்!